கேப்டன் அமெரிக்கா ஏன் சரணடைகிறார்?

சூப்பர் ஹீரோக்கள் தங்கள் உண்மை அடையாளத்தை அரசாங்கத்திடம் பதிவுசெய்ய வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்துச் சண்டையிட்டவர் அவர். அந்தச் சட்டம் சரியென்று ஒப்புக்கொண்டு அவர் சரணடையவில்லை. 2006–07இல் வந்த 'சிவில் வார்' காமிக்ஸின் கடைசி இதழைப் பாருங்கள்: சட்டத்தை ஆதரிக்கும் அணியின் தலைவரான அயர்ன் மேனை அடித்துக்கொண்டிருப்பவரைச் சாதாரண ஆட்கள் பாய்ந்து பிடிக்கிறார்கள். தன் சண்டை மக்களைத்தான் நசுக்குகிறது என்று கண்டதும் நிறுத்துகிறார்.

நீங்கள் இந்தக் கதையை வாசிக்கக் கொடுத்த மட்டக்களப்பு களுவாஞ்சிகுடி வாசிகசாலைப் பிள்ளைகள் "அப்ப அரசாங்கம் சொன்னதுதானே சரி?" என்று உங்களை மடக்கியதற்கு, முடிவை மட்டும் வாசித்தது காரணமாக இருக்கலாம். பதிவுசெய்ய மறுத்தவர்களை விசாரணையின்றி அடைத்த சிறைப் பகுதியை முதலில் கொடுத்துப் பாருங்கள். சட்டத்தை ஆதரித்து முகமூடியையே கழற்றிய ஸ்பைடர்மேன், அந்தச் சிறையைக் கண்டபின்தான் அணி மாறுகிறார். எனக்கு அதுதான் கதையின் உயிர்.

ஒன்று மட்டும்: பதிவு, தடுத்துவைத்தல் என்று கதைக்கும்போது எந்தப் பிள்ளையிடமும் வீட்டுக் கதையைத் தோண்டாதீர்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காக இன்னும் காத்திருக்கும் வீடுகள் நம்மூரில் உண்டு. தானாகச் சொன்னால் கேளுங்கள்.