திரையில் சுழலும் வளையங்களும் உங்கள் மகளின் வேலையும்

ஐயா, வணக்கம். உங்கள் கடிதத்தில் முக்கியமாக இரண்டு கேள்விகள் இருந்தன. கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள் ராத்திரி வெகுநேரம் லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் டெஸ்க்டாப்பில் வளையங்களையும் எண்களையும் நகர்த்திக்கொண்டே இருக்கிறாளே, இது படிப்பா விளையாட்டா என்பது ஒன்று. லேப்டாப்பை அவளிடமிருந்து பிடுங்கி வைத்துவிடலாமா என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். முதல் கேள்விக்கு இரண்டும்தான் என்று சொல்வேன். எது எவ்வளவு என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். அதற்கு லினக்ஸ் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால் அவள் பயன்படுத்துவது கான்கி என்று நினைக்கிறேன். டார்ஸ்மோ என்ற பழைய நிரலிலிருந்து 2005-இல் பிரிந்து வளர்ந்த கட்டற்ற மென்பொருள் அது. கணினியின் செயலி எவ்வளவு உழைக்கிறது, நினைவகம் எவ்வளவு மிச்சம், வெப்பம் எத்தனை டிகிரி, இணையத்தில் என்ன வேகத்தில் தகவல் வந்து போகிறது என்பதையெல்லாம் திரையின் ஓரத்தில் ஓடவிடும். எதைக் காட்டுவது, எங்கே, எந்த நிறத்தில், எத்தனை விநாடிக்கு ஒருமுறை என்பதெல்லாம் ஒரே ஒரு எழுத்துக் கோப்பில் இருக்கும். 2015-இல் வந்த 1.10 பதிப்பிலிருந்து அந்தக் கோப்பே லுவா என்ற நிரல்மொழியில்தான் எழுதப்படுகிறது. கான்கிக்குத் தெரியாத விஷயத்தைக் காட்ட வேண்டுமானால் நாமே ஒரு ஸ்கிரிப்ட், அதாவது சில வரிகளில் ஒரு குட்டி நிரல், எழுதி, அதன் விடையைத் திரைக்குக் கொண்டுவரலாம். உங்கள் மகளின் தூக்கத்தைத் தின்பது அநேகமாக இந்தக் கடைசி வேலையாகத்தான் இருக்கும்.

இந்தப் பழக்கம் உள்ள மாணவர்களில் இரண்டு வகை உண்டு. இணையத்தில் கிடைக்கும் அழகான அமைப்பை அப்படியே இறக்கி, நிறத்தை மாற்றி, படம் பிடித்துப் பகிர்ந்துவிட்டு, அடுத்த வாரம் இன்னொன்றுக்குத் தாவுவது ஒரு வகை. அதில் தப்பில்லை, ஆனால் அதை வைத்து யாரும் வேலை தரமாட்டார்கள். மற்றவர்கள், திரையில் ஒரு எண் தப்பாகத் தெரிந்தால் அது ஏன் என்று தோண்டிப் பார்க்காமல் விடமாட்டார்கள். உங்கள் மகள் எந்த வகை என்று தெரிய, ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, ஏதாவது ஒரு எண்ணைக் காட்டி, “இது எங்கிருந்தும்மா வருது?” என்று கேளுங்கள். குறை சொல்லும் குரலில் வேண்டாம், தெரிந்துகொள்ளும் குரலில் கேளுங்கள். “தெரியலப்பா, இறக்கினதுலயே இருந்துச்சு” என்றால் இன்னும் முதல் படியில் இருக்கிறாள். ஒரு கோப்பைத் திறந்து காட்டிக் கால் மணி நேரம் விடாமல் பேசினால், நீங்கள் நிம்மதியாக எழுந்து போகலாம்.

அப்படி அவள் பேசினால் என்ன பேசுவாள் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். லினக்ஸில் செயலியின் வெப்பநிலையை ஒரு சாதாரண கோப்பைப் படித்தே தெரிந்துகொள்ளலாம். அதற்குள் 52000 என்று இருக்கும். டிகிரியை ஆயிரம் பங்காகப் பிரித்துச் சொல்கிற கணக்கு அது, ஆயிரத்தால் வகுத்தால் 52 டிகிரி. மாணவி ஒரு வரி ஸ்கிரிப்ட் எழுதி அதைத் திரையில் கொண்டுவந்துவிடுவாள். இரண்டு நாள் ஒழுங்காக ஓடும். மூன்றாம் நாள் கணினியை அணைத்துப் போட்டால் 31 டிகிரியிலேயே அசையாமல் நிற்கும், அல்லது ஒன்றுமே வராது. காரணம், அந்தக் கோப்பு இருக்கும் ஃபோல்டரின் பெயரில் ஒரு வரிசை எண் உண்டு. எந்த டிரைவர் (ஒரு வன்பொருளை இயக்கும் நிரல்) முதலில் ஏறுகிறதோ அதைப் பொறுத்து அந்த எண் மாறும். நேற்று மூன்றாம் எண்ணில் இருந்த செயலி இன்று நான்காம் எண்ணுக்குப் போயிருக்கும், மூன்றாம் எண்ணில் இப்போது ஹார்ட் டிஸ்க் உட்கார்ந்திருக்கும். சரி செய்ய வேண்டுமானால் எண்ணை நம்பக் கூடாது. ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் உள்ள பெயர்க் கோப்பைப் படித்து, செயலியின் வெப்பத்தைத் தரும் டிரைவரின் பெயர், கோர்டெம்ப் என்றோ கே10டெம்ப் என்றோ, இருப்பதைத் தேடிப் பிடிக்க வேண்டும். இதை யாரும் சொல்லித் தராமல் ஒரு மாணவி கண்டுபிடித்திருந்தால், ஒரு நிறுவனம் முதல் ஆறு மாதம் சம்பளம் கொடுத்துப் பழக்கும் விஷயத்தில் ஒரு பகுதி அவளுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது என்பேன்.

இன்னொன்றும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. புதிதாக ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் விநாடிக்கு ஒருமுறை ஓடவிடுவார்கள். தன் கோப்புகளெல்லாம் இருக்கும் ஹோம் ஃபோல்டரின் மொத்த அளவை விநாடிக்கு ஒருமுறை கணக்கிடச் சொன்னால், கணினி பாவம், அதிலேயே மூச்சு வாங்கும். விசிறி சத்தம் போடும். செயலி ஏன் இவ்வளவு உழைக்கிறது என்று பார்த்தால், உழைப்பை அளக்க வந்த நிரலே அந்த உழைப்புக்குக் காரணமாக இருக்கும். அப்போதுதான் வெப்பத்துக்கு இரண்டு விநாடி, டிஸ்க் அளவுக்குப் பத்து நிமிடம் என்று தனித்தனியாக இடைவெளி கொடுக்கும் புத்தி வரும். ஆயிரக்கணக்கான சர்வர்களை, அதாவது பிற கணினிகளுக்குச் சேவை தரும் கணினிகளை, கண்காணிக்கும் இடத்திலும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். அங்கே கணக்கு தவறினால் பணம் வீணாகும்.

சரி, வேலைக்கு வருவோம். உலகின் மிக வேகமான 500 கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பரிலிருந்து எல்லாமே லினக்ஸில் ஓடுபவைதான். இணையதளங்களுக்குப் பின்னால் இருக்கும் சர்வர்களிலும் பெரும்பாலானவை அப்படித்தான். அவற்றைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ள ஆட்கள் வேண்டும். சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர், டெவ்ஆப்ஸ் இன்ஜினியர், எஸ்ஆர்இ (சைட் ரிலையபிலிட்டி இன்ஜினியர்) என்று பல பெயர்களில் அந்த வேலை விளம்பரங்களில் வரும். அவர்கள் கையில் கான்கி இருக்காது. அளவீடுகளைச் சேகரிக்கும் புரோமிதியஸ், அவற்றை வரைபடமாகக் காட்டும் கிரஃபானா போன்ற கருவிகள் இருக்கும். ஆனால் புரோமிதியஸுக்காக ஒவ்வொரு லினக்ஸ் சர்வரிலும் உட்கார்ந்து தகவல் திரட்டும் நோட் எக்ஸ்போர்ட்டர் என்ற சிறு நிரல் படிப்பது, உங்கள் மகளின் ஸ்கிரிப்ட் படிக்கும் அதே கோப்புகளைத்தான். அதற்குத் தெரியாத தகவல் வேண்டுமானால் நாமே ஸ்கிரிப்ட் எழுதி, விடையை ஒரு எழுத்துக் கோப்பில் போட்டு வைத்தால் எடுத்துக்கொள்ளும். அவளுக்கு இது பழகிய பாதைதான்.

ஆகவே அவளிடம் நான் சொல்லச் சொல்வது இது. அடுத்த விடுமுறையில், டெஸ்க்டாப்பே ஏற்றாமல், எழுத்துக் கட்டளைகளால் மட்டும் இயக்கும் ஒரு கணினியில் இந்த வேலையைச் செய்து பார்க்கட்டும். பழைய லேப்டாப் ஒன்று போதும், அதுவும் இல்லையென்றால் மெய்நிகர் இயந்திரம் ஒன்றை, அதாவது கணினிக்குள்ளேயே மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினியை, ஏற்றிக்கொள்ளலாம். அதில் புரோமிதியஸையும் கிரஃபானாவையும் நிறுவி, தன் ஸ்கிரிப்டுகளை அங்கே மாற்றி எழுதட்டும். டிஸ்க் 90 சதவீதம் நிரம்பினால் எச்சரிக்கை வர வேண்டும். அந்த எச்சரிக்கை நடு ராத்திரியில் தேவையில்லாமல் எழுப்பவும் கூடாது. இதைச் செய்து முடித்தால் ரெஸ்யூமேயில் எழுத இரண்டு வரி கிடைக்கும். கான்கி படத்துக்கு ரெஸ்யூமேயில் இடமில்லை, எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

இன்டர்வியூவில் இது எப்படிப் பயன்படும் என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு கேள்விகள் சொல்கிறேன், அவளிடம் கேட்டுப் பாருங்கள். “ஒரு சர்வரில் காலி நினைவகம் ரொம்பக் குறைவாகத் தெரிகிறது, பயப்பட வேண்டுமா?” உடனே பயப்பட வேண்டியதில்லை. சும்மா கிடக்கும் நினைவகத்தை லினக்ஸ் தற்காலிகச் சேமிப்புக்கு எடுத்துக்கொள்ளும், தேவைப்பட்டால் திருப்பித் தந்துவிடும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 2014-இல் வந்த 3.14 பதிப்பில், உண்மையில் எவ்வளவு கிடைக்கும் என்று சொல்லும் தனி வரி ஒன்றைச் சேர்த்தார்கள். இரண்டாவது: “செயலி 40 சதவீதம் உழைக்கிறது என்று எப்படிக் கணக்கிடுகிறார்கள்?” கெர்னல் தருவது கணினி தொடங்கியதிலிருந்து சேர்ந்துவந்த மொத்தக் கணக்கு மட்டுமே. சற்று இடைவெளி விட்டு இரண்டு முறை படித்து, வித்தியாசத்தை எடுத்தால்தான் சதவீதம் வரும். தானே ஸ்கிரிப்ட் எழுதியவள் இதற்குத் தடுமாற மாட்டாள். ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்திலும் பிராசஸ், நினைவக மேலாண்மை என்று இதே சங்கதிகள்தான் வரும். அந்தப் பாடத்தில் மதிப்பெண் குறைந்தால் அவள் கோபித்துக்கொள்ள வேண்டியது தன்னிடம்தான்.

இதில் நீங்கள் கவலைப்பட வேண்டிய இடமும் உண்டு, அதையும் சொல்கிறேன். முகம் தெரியாதவர் எழுதிய ஸ்கிரிப்டை இறக்கி ஓடவிட்டால், அது அவளுடைய பயனர் கணக்கின் முழு உரிமையோடு ஓடும். படிக்காமல் எதையும் ஓடவிடக் கூடாது. வானிலை, மின்னஞ்சல் எண்ணிக்கையெல்லாம் காட்டுவதற்காகக் கடவுச்சொல்லையோ ஏபிஐ சாவியையோ (இணையச் சேவையிடம் தகவல் கேட்க நிரல் காட்டும் ரகசியக் குறியீடு) அந்தக் கோப்பிலேயே எழுதிவிட்டு, அதை அப்படியே கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்தில் ஏற்றுவது மாணவர்கள் அடிக்கடி செய்வது. பிறகு அந்த வரியை அழித்தாலும் பழைய பதிவில் அது இருந்துகொண்டே இருக்கும். சாவியையே மாற்றுவதுதான் ஒரே வழி.

ஒருவேளை அவளை இழுப்பது எண்களே இல்லை, வளையங்களின் அழகுதான் என்று தெரிய வந்தால்? அதற்காக வருத்தப்படாதீர்கள். கெய்ரோ என்ற வரைகலை நூலகத்தைக் கொண்டு லுவாவில் வளையம் வரைகிறவளுக்குக் கோணக் கணக்கும் வரும், நிறத் தேர்வும் வரும். தகவலைக் காட்சியாக்கும் துறையும் இடைமுக வடிவமைப்பும் அவளுக்கு ஏற்ற திசை. நான் மேலே சொன்ன சர்வர் பயிற்சியை அவள்மேல் திணிக்க வேண்டாம். தப்பான கதவைத் தட்டச் சொன்னது போலாகிவிடும்.

சான்றிதழ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இப்போது அவசரம் இல்லை. லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹாட் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர்களுக்கு நடத்தும் ஆர்எச்சிஎஸ்ஏ தேர்வு முழுக்கக் கையால் செய்து காட்டும் தேர்வு, அவள் சுபாவத்துக்குப் பொருந்தும். ஆனால் அந்தச் சான்றிதழ் மூன்றாண்டுதான் செல்லும். இரண்டாம் ஆண்டிலேயே எழுதினால் அதில் பாதிக் காலம் கல்லூரியிலேயே கழிந்துவிடும், எனவே கடைசி ஆண்டில் பார்த்துக்கொள்ளலாம். பரீட்சை மாதத்தில் ராத்திரி இத்தனை மணிக்கு மேல் இல்லை என்று நேரத்தை நீங்களும் அவளும் சேர்ந்து பேசி முடிவு செய்யுங்கள், தனியாக நீங்கள் மட்டும் போடும் சட்டம் ஒரு வாரம்கூடத் தாங்காது. அப்புறம், அவள் ஸ்கிரிப்டுகளை, சாவிகளை நீக்கிவிட்டு, ஒழுங்கான ரீட்மீயோடு (நிரல் என்ன, எப்படி என்று விளக்கும் குறிப்புக் கோப்பு) கிட்ஹப்பில் போட்டால் இணைப்பை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். முதலில் ரீட்மீயைத்தான் படிப்பேன். வேலைக்கு எடுக்கிறவர்கள் பலரும் அதோடு நிறுத்திக்கொள்வார்கள்.