ஸ்வால்பார்ட் விதைக் காப்பகம் என்றால் என்ன?

போரிலோ பஞ்சத்திலோ ஒரு சமூகமே நிலைகுலைந்தாலும் மறுபடி விதைக்க வித்து மிஞ்ச வேண்டும். அதற்காக நார்வேயின் வடகோடித் தீவில், உறைந்த மலையைக் குடைந்து 2008-இல் திறந்த கிடங்கு இது.

விதைக்கு உயிர் உண்டு; மெல்ல மூச்சுவிட்டபடியே மூப்படைகிறது. நன்றாக உலர்த்தி, அலுமினியத் தாள் உறையில் அடைத்து, மைனஸ் 18 டிகிரியில் வைத்தால் அந்த மூப்பு வெகுகாலம் தள்ளிப்போகும். விதைநெல்லைக் காயவைத்து வைக்கோலில் கோட்டை கட்டி வைப்பார்களே, அதே காரணம்தான்: ஈரம் ஏறினால் முளைப்புத்திறன் போய்விடும்.

சிரியப் போரால் அலெப்போ அருகே இருந்த விதை வங்கி எட்டாமல் போனபோது, 2015-இல் இங்கிருந்துதான் கோதுமை, பார்லி விதைகளைத் திரும்ப எடுத்தார்கள். லெபனானிலும் மொராக்கோவிலும் விளைவித்து, 2017-இல் புது விதையைக் கொண்டுவந்து வைத்தார்கள். நினைத்தாலே நெஞ்சு நிறைகிறது.

உலகம் அழிந்தபின் எடுத்துச் சாப்பிடும் தானியக் களஞ்சியம் என்று பலர் நினைக்கிறார்கள். இவை விதைப்பதற்கான மறுபிரதிகள் மட்டுமே, அதுவும் அனுப்பிய நாடுகளுக்கும் விதை வங்கிகளுக்குமே சொந்தம், நார்வேக்கு அல்ல.