காலை ஆறரை மணிக்கு என்னென்ன ஓடும்?

கேள்வி: திண்டுக்கல்லில் 1,100 சதுர அடியில் வீடு கட்டுகிறோம். சுவர்ப் பூச்சு இன்னும் தொடங்கவில்லை. 1 எச்.பி. போர் மோட்டார், ஒரு கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு, இப்போதைக்கு ஒரு ஏ.சி., பையன் கல்யாணத்துக்குப் பிறகு இன்னொன்று. சிங்கிள் பேஸ் போதும் என்கிறார் மேஸ்திரி. ஒயர்மேன் த்ரீ பேஸ் வாங்கச் சொல்கிறார். எது சரி?
– ஒரு வாசகி

பதில்: ஒயர்மேன் சொல்வதுதான் சரி, அம்மா. மின்சாரம் ஒரே லைனில் வந்தால் சிங்கிள் பேஸ், மூன்று லைனில் வந்தால் த்ரீ பேஸ். வீட்டிலிருக்கும் எல்லாவற்றையும் கூட்டினால் 10 கிலோவாட் தாண்டும். ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது. அதனால் நான் எப்போதும் காலை ஆறரை மணியைத்தான் கணக்குப் பார்ப்பேன். கீசர் 2 கிலோவாட். மோட்டார் ஏறக்குறைய 1. இண்டக்‌ஷனில் இட்லி வேகிறது, அது 2. சட்னிக்கு மிக்ஸி முக்கால். பையன் இன்னும் எழுந்திருக்கவில்லை, அவன் அறை ஏ.சி. ஒன்றரை. ஏழு கிலோவாட்டைத் தாண்டிவிட்டது, அதாவது 30 ஆம்பியருக்கு மேல். தமிழ்நாட்டில் வீட்டுக்கு சிங்கிள் பேஸ் 4 கிலோவாட் வரைதான். அது 17 ஆம்பியர்.

த்ரீ பேஸுக்கு இணைப்பு வாங்கும்போது கூடுதலாகப் பணம் கட்ட வேண்டும், உண்மைதான். ஆனால் வீடுகளுக்கு நிலைக்கட்டணத்தை 2022-லேயே எடுத்துவிட்டார்கள். லோடு அதிகம் என்பதற்காக மாதா மாதம் பில் ஏறாது.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை சுவருக்குள் போகும் ஒயர். என் அக்கா வீட்டில் கீசருக்கு லைட்டுக்குப் போடும் 1.5 சதுர மி.மீ. ஒயரையே இழுத்துவிட்டார்கள். இரண்டாவது வருடம் பிளக் பாயிண்ட் உருகிப் புகை வந்தது. நல்லவேளை, அக்கா வீட்டில் இருந்தார். டைல்ஸை உடைத்துத்தான் மாற்றினோம். கீசருக்கும் ஒவ்வொரு ஏ.சி.க்கும் 4 சதுர மி.மீ. ஒயர் தனித்தனியாக மெயின் போர்டிலிருந்து வரட்டும், ஒவ்வொன்றுக்கும் தனி எம்.சி.பி. (லோடு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்). இரண்டாவது ஏ.சி.க்கும் ஒயர் போகும் குழாயை இப்போதே பதித்துவிடுங்கள். மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும். குளியலறையில் ஷாக் அடித்தால் உயிரைக் காப்பது அதுதான்.

அப்புறம், த்ரீ பேஸ் வந்ததும் கீசர் ஒரு பேஸில், இண்டக்‌ஷன் இன்னொன்றில், மோட்டார் மூன்றாவதில் என்று பிரிக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே பேஸில் மாட்டினால் த்ரீ பேஸ் வாங்கியதே வீண்.

நியூட்ரலில், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் ஒயரில், மட்டும் அசட்டை கூடாது. த்ரீ பேஸ் வீட்டில் நியூட்ரல் கழன்றால், லோடு குறைவாக உள்ள பேஸில் 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 300-க்கு மேல் ஏறிவிடும். டி.வி., ஃபிரிட்ஜ் எல்லாம் ஒரு நிமிடத்தில் போய்விடும். நியூட்ரல் ஒயருக்கு லக் (ஒயர் நுனியில் அழுத்திப் பொருத்தும் உலோக முனை) போட்டு, ஸ்க்ரூவை இறுக்கி, நீங்கள் பக்கத்தில் நிற்கும்போதே ஒருமுறை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள்.