மும்பை ட்ராம்பேலதான் அணு ரியாக்டர் இருக்கே, இன்னும் எதுக்கு புதுசு?

செம்பூர்ல எங்க மொட்டைமாடில நின்னா ட்ராம்பே மலை தெரியும், அதுக்கு அந்தாண்டதான் பாபா அணு ஆராய்ச்சி மையம், அதனால நீங்க கேக்கறது நியாயம்தான். ஆனா அங்க இருக்கறது கரண்ட் எடுக்கற ரியாக்டர் இல்லீங்க, அணுவுக்குள்ள இருக்கற நியூட்ரான்ங்கற துகளை ஆராய்ச்சிக்கு எடுக்கறது. எக்ஸ்ரே கண்ணுக்கு ஹைட்ரஜன் சரியா சிக்காது, நியூட்ரானுக்கு நல்லாவே தெரியும், அதான் பாலிமர், பேட்டரி, புரோட்டீன்னு ஆராய்ச்சி பண்றவங்க எல்லாம் பீம் டைம், அதாவது நியூட்ரான் கற்றைல சோதனை பண்ற நேரம், கேட்டு குழாயடில குடம் வெச்ச மாதிரி நிக்கறாங்க. சோதிக்கற பவுடரை சின்ன வனேடியம் உலோகக் குழாய்ல அடைச்சு பீம்ல வெச்சா மணிக்கணக்கா உக்காரணும், சட்டுனு முடியாது. அங்க 1960ல வந்த சைரஸ் ரியாக்டரை 2010ல மூடியாச்சு, 2018ல வந்த அப்சரா-யு வெறும் 2 மெகாவாட், மிச்சம் 1985ல வந்த 100 மெகாவாட் துருவா. பாவம், ஆஸ்பத்திரிக்கு வேண்டிய கதிரியக்க ஐசோடோப்பும் பெரும்பாலும் அதுதான் தரணும், அதான் புதுசு கேக்கறோம்.