நன்னன் பேரில் போட்ட சோறு

கேள்வி: வேலூரில் நடந்த ஓர் இலக்கியக் கூட்டத்தில் பேசியவர், மு.வ.வின் (மு. வரதராசன்) ‘அகல் விளக்கு’ நடுத்தர வர்க்க மனோபாவத்து நாவல் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டார். இளவயதில் என்னைத் திருத்திய புத்தகம் அது. எதை எடுத்தாலும் முதலாளி, தொழிலாளி என்று பிரிப்பவர்களுக்கு இலக்கியத்தின் அழகு எப்படித் தெரியும்? இலக்கியத்தை இலக்கியமாகப் படித்தால் போதாதா?
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: கூட்டத்தில் பேசியவர் செய்ததற்கு வர்க்கப் பார்வை என்று பெயர் வைக்காதீர்கள். அது சோம்பேறித்தனம். அப்படி முத்திரை குத்த நாவலைப் படிக்கவே வேண்டியதில்லை. எழுதியவர் எங்கே வேலை பார்த்தார் என்று விசாரித்தால் போதும். மார்க்ஸின் தோழர் ஏங்கெல்ஸ் அப்படிப் படித்தவர் இல்லை. 1888-ல் மார்கரெட் ஹார்க்னஸ் என்ற ஆங்கில நாவலாசிரியைக்கு எழுதிய கடிதத்தில் பிரெஞ்சு நாவலாசிரியர் பால்சாக்கைப் பற்றிச் சொல்கிறார். பால்சாக் முடியாட்சியை ஆதரித்தவர்; அவருடைய அனுதாபமெல்லாம் அழிந்துகொண்டிருந்த பிரபுக்கள் மேல். ஆனாலும் எழுத உட்கார்ந்தபோது அந்தப் பிரபுக்களைத்தான் ஈவிரக்கமில்லாமல் காட்டினார். அந்தக் காலத்து வரலாற்று ஆசிரியர்கள், பொருளாதார நிபுணர்கள், புள்ளிவிவரக்காரர்கள் எல்லோரிடமும் கற்றதைவிட பால்சாக்கிடம் அதிகம் கற்றதாக ஏங்கெல்ஸ் எழுதினார். எழுதியவனின் கட்சியை விட்டுவிட்டு எழுத்து எதைக் காட்டுகிறது என்று பார்த்த வாசிப்பு அது.

ஆனால் ‘இலக்கியத்தை இலக்கியமாக’ என்று நீங்கள் சொல்வதையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நம்ம பக்கத்து நூலையே எடுத்துக்கொள்வோம். சங்க நூலான மலைபடுகடாம் பாடும் குறுநில மன்னன் நன்னனின் செங்கம், 1989-ல் மாவட்டம் பிரியும்வரை வட ஆற்காட்டில்தான் இருந்தது. பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், எதிர்ப்பட்ட கூத்தர் கூட்டத்துக்கு நன்னனிடம் போக வழி சொல்கிறான். மலையில் கேட்கும் ஓசைகளை வரிசையாக அடுக்கும் இடம் அந்தப் பாட்டின் உச்சம். பாடத்தில் அதை இயற்கை வருணனை என்று எழுதி மதிப்பெண் வாங்கியிருப்போம். திரும்பப் படியுங்கள். அருவியும் யானையும் மட்டுமா ஒலிக்கின்றன? தினை குற்றும் பெண்கள் வள்ளைப்பாட்டுப் பாடுகிறார்கள். ஆலையில் கரும்பு நெரிபடுகிறது. சேம்பும் மஞ்சளும் போட்டவர்கள் பன்றியை விரட்டப் பறையடிக்கிறார்கள். அந்த மலையின் ஓசையில் பாதி, உழைப்பவர்கள் எழுப்பும் ஓசை. அதைக் காதில் வாங்காமல் அந்த வரிகளின் அழகை எப்படி அனுபவிக்க முடியும்?

இன்னும் ஒன்று. வழியில் வேட்டுவர் குடியிருப்புக்குப் போனால் நன்னனின் கூத்தர் என்று சொல்லுங்கள், ‘நும் இல் போல நில்லாது புக்கு’ உரிமையோடு நுழையுங்கள் என்கிறான் கூத்தன். நெய்யில் வெந்த இறைச்சியும் தினைச்சோறும் கிடைக்கும். பெயர் நன்னனுடையது, சோறு மலைக்காரர்களுடையது. தினையை விதைத்துக் காத்து, குற்றிப் பொங்கியவர்கள் அவர்கள். பாட்டின் பெரும்பகுதி நெடுக அவர்கள் விருந்து வைக்கிறார்கள். புகழ் மட்டும் கடைசியில் வரும் அரண்மனைக்குப் போய்ச் சேர்கிறது. வேண்டா வெறுப்பாக அவர்கள் சோறு போட்டதாகப் பாட்டில் எங்கும் இல்லை, நானும் அப்படிச் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு வள்ளலின் கொடை யாருடைய அடுப்பிலிருந்து வருகிறது என்று கேட்டதும் நூல் எவ்வளவு பெரிதாகிவிடுகிறது, பாருங்கள்! புலவர் அந்த அடுப்புகளை மறைக்கவில்லை. நாம்தான் வள்ளலை மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம்.

இனி ‘அகல் விளக்கு’. 1961-ல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. கதை நடப்பது நம் வாலாஜாவில். சந்திரன் நிலபுலன் உள்ள கிராமத்துக் குடும்பத்துப் பிள்ளை. அறிவும் அழகும் இருந்தும் கெட்டுப்போகிறான். வேலய்யன் நிதானமாகப் படித்து மேலே வருகிறான். ஒழுக்கம் ஒருவனை உயர்த்தும், அது தவறினால் அழிவு என்பது மு.வ.வின் முடிவு. அவர் அதை வெறும் உபதேசமாகச் சொல்லவில்லை. திருப்பத்தூர் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, பள்ளித் தமிழாசிரியராகி, சொந்த முயற்சியில் தமிழ் படித்து, 1971-ல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆனவர். அவர் வாழ்க்கையில் அது பலித்தது. சொத்தும் சிபாரிசும் இல்லாமல் முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வந்த பிள்ளைகளுக்குக் கையிருப்பு சுயகட்டுப்பாடு ஒன்றுதான். அவர்கள் அந்த நாவலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டதற்குக் காரணம் அது. நீங்களும் அவர்களில் ஒருவராக இருக்கலாம். இப்படி விளக்குவதும் வர்க்கப் பார்வைதான். அது உங்கள் புத்தகத்துக்கு மரியாதையே செய்கிறது.

அடுத்த கேள்வியையும் கேட்டாக வேண்டும். உங்கள் குடியாத்தத்தில் பீடி சுற்றும் ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். மடியில் முறம். நனைத்து வைத்த இலையைத் தகட்டளவுக்கு வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, முனையை மடக்கி, நூலைச் சுற்றி இறுக்குகிறாள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. சரியில்லை என்று கழித்துப் போட்ட பீடிக்குக் காசு கிடையாது. குடியில்லை, சூதில்லை, விடிந்ததிலிருந்து கை ஓயவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மகள் ‘அகல் விளக்கு’ படிக்கிறாள். ஒழுக்கமும் விடாமுயற்சியும் மேலே கொண்டுவரும் என்றால் அந்தத் தாய்க்கு எதில் குறை? ஏன் இன்னும் அதே திண்ணையில் இருக்கிறாள்? நாவலில் இதற்குப் பதில் இல்லை. கெட்டுப்போவதற்குக்கூட ஒரு சந்திரனுக்குப் பின்னால் நிலம் இருந்தது. வேலய்யனோடு அந்தப் பள்ளியில் சேரவே முடியாத பையன்கள் யார்? மு.வ.வைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதைக் கேட்கவில்லை. அவர் வெளிச்சம் எதுவரை விழுகிறது என்று தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

வர்க்கம் பேசும் தோழர்களிடமும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. வர்க்கம் ஒழிந்தால் சாதி தானாக ஒழியும் என்று நெடுங்காலம் ஒத்திப்போட்டார்கள். நம் பக்கத்தில் அது கொஞ்சமும் செல்லாது. ஆம்பூர், பேரணாம்பட்டு தோல் பதனிடும் டேனரிகளில் சுண்ணாம்புத் தண்ணீரில் கால் வைத்து நிற்பவர் யார் என்று கேட்டால் பதில் கூலியோடு நிற்காது, சேரியையும் தொட்டுத்தான் வரும். திண்டுக்கல் தோல் தொழிலாளர்களைப் பற்றிய டி. செல்வராஜின் ‘தோல்’ நாவலுக்கு 2012-ல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. அதை ஆம்பூரில் ஒருவர் படித்தால் ஊர்ப்பெயர் மட்டும்தான் வேற்றூராகத் தெரியும்.

நம் பத்திரிகைக்கு வரும் பாலாற்றுக் கவிதைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாயே, வறண்டாயே என்று அழுகிறார்கள். ஆற்றங்கரையில் ஒரு மனிதர் கிடையாது. தோல் கழிவு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, டேனரிப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் முழுதாகவோ ஓரளவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போனதைப் பதிவு செய்கிறது. யார் நிலம், யார் கிணறு, யாருக்கு லாபம் என்ற சுவடே இல்லாத கவிதையை அழகு என்று என்னால் வெளியிட முடியாது.

‘அகல் விளக்கை’ மறுபடி எடுங்கள். அதில் வரும் வீடுகளில் யார் சமைக்கிறார்கள், யார் வயலுக்குப் போகிறார்கள், படிப்புச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே படியுங்கள். அதற்குப் பிறகும் அந்த நாவல் உங்களுக்குப் பிடித்திருந்தால் ஏன் என்று எழுதி அனுப்புங்கள். இரண்டு பக்கம் ஒதுக்கிப் போடுகிறேன்.