ரீட்டா என்றால் முத்து

கேள்வி: என் தம்பி தன் மகளுக்கு ரீட்டா என்று பெயர் வைத்திருக்கிறான். கேட்டால், "சின்னதாக, அழகாக இருக்கிறது" என்கிறான். நம் பெயர்களுக்கெல்லாம் பொருள் உண்டு. இந்த ஐரோப்பியப் பெயர்கள் வெறும் சத்தம்தானே? மார்கரெட் என்று பெயர் வைத்துவிட்டு பெக்கி என்று கூப்பிடுகிறார்கள். அவர்களுக்கே அந்தப் பெயர் மேல் மரியாதை இல்லையே?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: திருநெல்வேலியிலிருந்து இப்படி ஒரு கேள்வி வந்ததில் எனக்கு வருத்தம்தான். கொற்கை உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ரீட்டா என்றால் முத்து.

ரீட்டா என்பது மார்கெரீத்தா என்ற இத்தாலியப் பெயரின் கடைசித் துண்டு. 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்து, 1900இல் புனிதராக அறிவிக்கப்பட்ட ரீட்டாவுக்கு ஞானஸ்நானப் பெயர் மார்கெரீத்தாதான். நீங்கள் குறை சொல்லும் மார்கரெட்டும் உங்கள் தம்பி மகளும் ஒரே பெயர்க்காரர்கள். இரண்டுக்கும் வேர், கிரேக்கத்தில் முத்தைக் குறிக்கும் 'மார்கரீட்டெஸ்' என்ற சொல். 'பன்றிகளின் முன் முத்துகளைப் போடாதீர்கள்' என்று விவிலியத்தில் வருகிறதே, கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் நிற்பதும் இதே சொல்தான்.

கிரேக்கருக்கு அது எங்கிருந்து வந்தது? ஈரானிய மொழிகளிலிருந்து என்பதுதான் மொழியியலாளர் பெரும்பாலோர் கருத்து. பாரசீகத்தில் இன்றும் முத்துக்கு 'மொர்வாரீத்' என்று பெயர். ஆனால் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அரியன் என்ற கிரேக்க ஆசிரியர், தனக்கு முன்பே இந்தியா வந்துபோன கிரேக்கத் தூதர் மெகஸ்தனிசைத் துணைக்கொண்டு எழுதும்போது, அதை இந்தியர் மொழிச் சொல் என்றே சொல்கிறார். கிரேக்கப் புராண வீரன் ஹெராக்ளிஸ் கடலில் முத்தைக் கண்டெடுத்து, தன் மகளை அலங்கரிக்க அதைத் தேடித் தேடிச் சேர்த்தான் என்பது அவர் தரும் கதை. அந்த மகளின் பெயர் பாண்டையா. பாண்டிய நாட்டை நினைத்துத்தான் இந்தக் கதை பிறந்திருக்க வேண்டும். சொல் யாருடையதாக வேண்டுமானாலும் இருக்கட்டும், பொருள் நம் கடலிலிருந்து போனது. மன்னார் வளைகுடா முத்து ரோமாபுரிப் பெண்களின் காதில் ஏறியபோது, லத்தீனில் அதற்கு 'மார்கரீட்டா' என்றுதான் பெயர்.

பெயராக அது பரவியதற்கு அந்தியோக்கியா நகரத்துப் புனித மார்கரெட் ஒரு பெரிய காரணம். டிராகன் ஒன்றின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு உயிரோடு வெளியே வந்தவள் என்று அவளைப் பற்றி ஒரு கதை. அதனால் பிரசவ வலியில் இருக்கும் பெண்கள் அவளை வேண்டிக்கொண்டார்கள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் அந்தப் பெயரையே வைப்பது இயல்புதானே. நம் ஊரில் குலசாமி பெயர் வைப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

அப்புறம் ஒவ்வொரு மொழியும் தன் வாய்க்கு ஏற்ப அதை எடுத்துக்கொண்டது. போலந்தில் மாவ்கோஜாத்தா, செல்லமாக கோஷா. ஹங்கேரியில் மார்கித். டென்மார்க்கில் மெரெத்தே, மெத்தே. ஜெர்மானியர் முன்பாதியை விட்டுவிட்டுப் பின்பாதியைக் கொஞ்சினார்கள்: கிரேட்டே, கிரேட்ஷென், கிரேட்டல். பருவநிலைக்காகப் பள்ளியை விட்டுத் தெருவில் வந்து உட்கார்ந்த கிரேட்டா துன்பெர்க்கின் பெயரும் இதுதான். பிரெஞ்சில் மார்கெரீத் என்பது ஒரு வெள்ளைப் பூவுக்கும் பெயர். ஆங்கிலத்தில் அந்தப் பூவுக்கு டெய்சி என்று பெயர். அதனால்தான் மார்கரெட்டுகள் சிலர் வீட்டில் டெய்சி ஆனார்கள். 1972 முதல் 2024 வரை டென்மார்க்கை ஆண்ட அரசி இரண்டாம் மார்கரெத்தேவுக்கும் குடும்பத்தில் டெய்சி என்றே பெயர். நீங்கள் கேக்குக்கு வாங்கும் மார்ஜரின்கூட இந்த வேரிலிருந்து வந்ததுதான். கொழுப்பில் முத்துப் போல மினுங்கிய பொருளுக்கு பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ருல் வைத்த பெயரிலிருந்து அது பிறந்தது.

சரி, பெக்கிக்கு வருவோம். மார்கரெட் சுருங்கி மேக், மெக் ஆயிற்று. இடைக்கால இங்கிலாந்தில் செல்லப் பெயரின் முதல் எழுத்தை மாற்றி எதுகை போலச் சொல்லும் பழக்கம் இருந்தது. வில்லியம் 'வில்' ஆகி 'பில்' ஆனது அப்படித்தான். ராபர்ட் 'ராப்' ஆகி 'பாப்' ஆனான். மெக் 'பெக்' ஆகி, பெக்கி ஆனாள். தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பெயரைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக் கொஞ்சினால் நாக்கு இப்படித்தான் விளையாடும். இதை மரியாதைக் குறைவு என்கிறீர்கள். காமாட்சியைக் காமு என்றும், சரஸ்வதியைச் சரசு என்றும், ஜானகியை ஜானு என்றும் கூப்பிடுகிற நாம் அப்படிச் சொல்லலாமா? காமு என்று அழைக்கிற பாட்டி அம்பாளை அவமதிக்கிறாளா என்ன?

மார்கரெட் என்று கேட்டதும் முத்து ஞாபகம் வருகிற ஆங்கிலேயர் இன்று அதிகம் இருக்க மாட்டார்கள். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொருள் பார்த்துத்தான் பெயர் வைக்கிறோம் என்று நாம் மார்தட்டிக்கொள்ளவும் இடமில்லை. நட்சத்திரத்துக்கு இந்த எழுத்து, எண் கணிதத்துக்கு இன்னொரு எழுத்து கூடுதல் என்று ஒட்டுப்போட்டு, எந்த அகராதியிலும் அகப்படாத பெயர்களை நம் பிள்ளைகளுக்குத்தானே சூட்டிக்கொண்டிருக்கிறோம்? எனக்கு அதில்தான் கோபம். முத்துலட்சுமி, முத்தம்மாள் என்றெல்லாம் வாய் நிறையக் கூப்பிட்ட ஊரில் அந்தப் பெயர்களைப் பழசு என்று ஒதுக்கியதும் நாம்தான்.

உங்கள் தம்பிக்குப் பொருள் தெரியாமல் இருந்திருக்கலாம். நீங்கள் போய்ச் சொல்லுங்கள். ரீட்டா என்பது உங்கள் வாயில் ஒட்டவில்லை என்றால் குழந்தையை முத்து என்றே கூப்பிடுங்கள். அதே பெயர்தான்.