ஓட்டுநராக இருந்து அணி முதலாளியாகத் தாக்குப்பிடித்தவர் யார்? என் பதில்: டிக் ஜான்சன்

டூரிங் கார் பந்தயத்தில், அதாவது சாலையில் ஓடும் கார் மாடல்களை மாற்றியமைத்து ஓட்டும் பந்தயத்தில், பேர் வாங்கிய ஓட்டுநர்கள், ஓய்வுக்குப் பிறகு சொந்த அணி ஆரம்பித்தால் பெரும்பாலும் கையைச் சுட்டுக்கொள்கிறார்களே, நிலைத்து நின்றவர் யாராவது உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆஸ்திரேலியாவின் டிக் ஜான்சன் உண்டு. ஆனால் அவர் ஓட்டி முடித்துவிட்டு முதலாளி ஆனவர் இல்லை. பேர் வாங்குவதற்கு முன்பே தன் காருக்குத் தானே முதலாளி. அவர் நிலைத்ததற்குக் காரணமே அதுதான் என்று நினைக்கிறேன்.

நான் பிரிஸ்பேனின் தெற்கில் வசிக்கிறேன். அவருடைய அணியின் பட்டறை இருக்கும் ஸ்டேப்பில்டன் வழியாகத்தான் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். இங்கே வந்த புதிதில் கூட வேலை பார்த்த ஒருவர், "அந்தக் கல் கதை தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றதும், அன்றைய மதிய இடைவேளை முழுவதும் அதைச் சொல்லியே தீர்த்தார்.

கதை இதுதான். 1980 அக்டோபர், பாத்தர்ஸ்ட் 1000; ஆஸ்திரேலிய டூரிங் கார் பந்தயங்களில் மிகப் பேர்போனது. மவுண்ட் பனோரமா மலையைச் சுற்றி ஒரு சுற்று ஆறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். மொத்தம் ஆயிரம் கிலோமீட்டர். ஜான்சன் பிரிஸ்பேனில் பெட்ரோல் பங்க் நடத்திக்கொண்டிருந்தவர். கையில் இருந்ததையெல்லாம் போட்டு ஒரு ஃபோர்டு ஃபால்கனைத் தயார் செய்திருந்தார். நீல நிறம், எண் 17, பெயர் 'ட்ரூ ப்ளூ'. பெயர்கூட அவருடையதில்லை; ஸ்பான்சரான எஃகுக் குழாய் நிறுவனம் விற்ற பொருளின் பெயர். ஆரம்பத்திலிருந்தே முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தார். இருபது சுற்றுகூட ஆகவில்லை, 'கட்டிங்' என்ற ஏற்றத்தில் பழுதான காரை இழுத்துப்போகும் வண்டி ஒன்று பாதையின் ஒரு பக்கத்தை அடைத்து நின்றது. மறுபக்கம் கால்பந்து அளவுக்கு ஒரு பாறாங்கல். ஒதுங்க இடமில்லை. கல்லில் ஏறி, சுவரில் மோதி, கார் அங்கேயே முடிந்தது.

அந்த இடத்தைப் பார்க்க ஒருமுறை நானே போனேன். பந்தயம் இல்லாத நாட்களில் அது பொதுச்சாலை. 60 கிலோமீட்டர்தான் வேக வரம்பு. சாதாரண வேகத்தில் போகும்போதே இரண்டு பக்கமும் சுவர் நெருக்குகிறது, எதிரே வானம்தான் தெரிகிறது. வளைவுக்கு அந்தப்புறம் என்ன கிடக்கிறது என்று ஏறி முடிக்கும்வரை தெரியாது. பந்தய வேகத்தில் அங்கே ஒரு கல்லைக் கண்ட மனிதனின் நிலைமையை வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டு நின்றேன்.

விபத்துக்குப் பிறகு தொலைக்காட்சியில் பேச வந்த ஜான்சன் கலங்கிப்போய்விட்டார். இனி திரும்பி வர வழியில்லை என்றார். அதைப் பார்த்த மக்கள் தொலைபேசியில் பணம் தர முன்வந்தார்கள். ஃபோர்டு ஆஸ்திரேலியாவில் இருந்த இரண்டாம் எட்சல் ஃபோர்டு, மக்கள் தரும் ஒவ்வொரு டாலருக்கும் தாங்களும் ஒரு டாலர் தருவதாக அறிவித்தார். மொத்தம் சுமார் 1,44,000 டாலர் சேர்ந்தது.

அடுத்த வருடமே, 1981இல், வீட்டுக்குப் பக்கத்து மைதானமான லேக்சைடில் அந்நாளைய நட்சத்திர ஓட்டுநர் பீட்டர் பிராக்கை முந்தவிடாமல் பிடித்து நிறுத்தி ஆஸ்திரேலிய டூரிங் கார் சாம்பியன் ஆனார். அக்டோபரில் ஜான் ஃப்ரெஞ்ச்சோடு சேர்ந்து பாத்தர்ஸ்ட்டையும் ஜெயித்தார். ஊரார் பணத்துக்கு ஒரே வருடத்தில் கணக்குக் காட்டிவிட்டார்.

1983இல் அதே பாத்தர்ஸ்ட்டில் இன்னொரு அடி. சனிக்கிழமை தகுதிச் சுற்றில் ஃபாரஸ்ட்ஸ் எல்போ வளைவில் கார் மரங்களுக்குள் பாய்ந்து நொறுங்கியது. அணியினர் வேறொரு போட்டியாளரின் ஃபால்கனை வாங்கி, ராத்திரி முழுக்கக் கண் விழித்து மாற்றி, பச்சை வண்ணம் அடித்து, ஞாயிறு காலை வரிசையில் நிறுத்தினார்கள். அந்தக் கார் பந்தயத்தை முடிக்கவில்லை. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. முதல் நாள் மரத்தில் மோதிய மனிதர், வண்டி வாங்கவும் ஆள் திரட்டவும் வேண்டியவராகவும் இருந்தார் பாருங்கள், அதுதான் பெரிது. சம்பளத்துக்கு ஓட்டுபவர் என்றால் அறைக்குப் போய்ப் படுத்திருக்கலாம்.

பிறகு நல்ல காலம். 1987இல் ஷெல் ஸ்பான்சராக வந்தது. ஃபோர்டின் டர்போ சியரா காரை ஓட்டி 1988, 1989 பட்டங்களையும் எடுத்தார். ஏற்கெனவே இருந்த மூன்றோடு (1981, 1982, 1984) ஐந்து. ஜான் போவோடு சேர்ந்து 1989, 1994 பாத்தர்ஸ்ட் வெற்றிகள். 1995இல் போவ் அதே அணியில் சாம்பியன். 1999 முடிவில் ஜான்சன் ஓட்டுவதை நிறுத்தினார்.

நீங்கள் கேட்ட சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஓட்டும்போது ஸ்பான்சர்கள் அவர் முகத்துக்காக வந்தார்கள். இறங்கியதும் அணி வெறும் அணியாகிவிட்டது. செலவு மட்டும் குறையவில்லை. 2008இல் பாதிப் பங்கை விற்றார்; அந்தக் கூட்டு சில ஆண்டுகளில் முறிந்தது. 2010இல் ஜேம்ஸ் கோர்ட்னி இவர் அணிக்குச் சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தார். கொடுத்த கையோடு, ஃபோர்டின் பரம எதிரியான ஹோல்டன் அணிக்குப் போய்விட்டார். சாம்பியனுக்கு உரிய 1 என்ற எண்ணும் அவரோடு எதிரணிக் காரில் ஏறிக்கொண்டது. ஒரு முதலாளிக்கு அதைவிட வலி வேறு இருக்குமா? அதற்கடுத்த வருடங்களில் அணியையே மூடிவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது.

2014இல் 69 வயதில் அவர் எடுத்த முடிவுதான் என் பார்வையில் அவர் வாழ்க்கையின் சிறந்த நகர்வு. 51 விழுக்காட்டை அமெரிக்காவின் ரோஜர் பென்ஸ்கேவுக்குக் கொடுத்தார். பென்ஸ்கேவும் முன்னாள் ஓட்டுநர்தான்; 1960களின் நடுவிலேயே ஓட்டுவதை நிறுத்திவிட்டு வியாபாரத்தில் இறங்கியவர். அணிப் பெயரில் பாதியைப் பென்ஸ்கேவுக்கு விட்டுக்கொடுத்து, அணியை முழுசாகக் காப்பாற்றினார் ஜான்சன். பல முதலாளிகள் சறுக்குவது இந்த இடத்தில்தான். கடைசிக் காசு தீரும்வரை பிடியை விடமாட்டார்கள்.

பலன் கண்ணெதிரே வந்தது. அணியின் ஓட்டுநர் ஸ்காட் மெக்லாக்லின் 2018, 2019, 2020 என்று தொடர்ந்து மூன்று பட்டங்கள் வென்றார். 2019இல் பாத்தர்ஸ்ட்டும் வந்தது. அதே பந்தயத்தில் தன் இன்னொரு காரை வேண்டுமென்றே மெதுவாகப் போகச் சொன்னதற்காக அணிக்கு 2,50,000 டாலர் அபராதம் விழுந்தது, வெற்றி பறிபோகவில்லை. ஜான்சனின் ரசிகனாகச் சொல்கிறேன், அந்தச் செய்தி எனக்குக் கசந்தது.

2020 முடிவில் பென்ஸ்கே விலகியதும் அணி பழையபடி 'டிக் ஜான்சன் ரேசிங்' ஆனது. 2019இல் அந்த மலையை ஜெயித்த ஃபோர்டு முஸ்டாங்கின் கதவிலும், கல்லில் ஏறி நொறுங்கிய அந்த நீலக் காரில் இருந்த அதே 17தான் இருந்தது.